இடித்தால் பாயிண்ட்

ஜூலை 8, செவ்வாய்

வீட்டுக்காரருக்குப் பிசியோதெரபி கொடுக்க வருகிற பெண் தினமும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தூக்கம், சாப்பாடு, கை அசைவு, மனநிலை. மாப்பிள்ளை கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

தூக்கம்: நன்று. அவருக்கு. என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு: ரசம் சோறு முழுதும். பீட்ரூட் பொரியலைத் தொடவே இல்லை.

இடது கை: தோள் வரைக்கும் தூக்கினார்.

மனநிலை: அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். எறிந்தது வலது கையால்.

ஜூலை 10, வியாழன்

பங்குனியில் அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து ஸ்கூலில் நான் ஒருத்திதான். ஸ்கூல் என்றால் பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல் இல்லை. செங்கோடன் டிரைவிங் ஸ்கூல், ஒரு அறை, ஒரு கார். செங்கோடன் என் வீட்டுக்காரர். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு நான் என்று இத்தனை வருஷம் ஓடியது. இப்போது வருகிற அத்தனை பேருக்கும் நான்.

பழகுகிறவர் வலது பக்கம் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்கிறார். நான் இடது பக்க சீட்டில். என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது, ஸ்டீயரிங் கிடையாது. நாள் முழுக்க யாராவது ஓட்டுகிறார்கள், நான் நிறுத்துகிறேன். இன்று ஒரு பல் டாக்டர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மிதித்தார். இறங்கும்போது, "நான் நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டேன்ல மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். வலது கால் ஆடுதசை முடிச்சுப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் வலி.

ஜூலை 12, சனி

ஓசூரிலிருந்து பார்சல். மாப்பிள்ளை தன் பழைய வீடியோ கேம் பெட்டியை அனுப்பியிருக்கிறார். பந்து பிடிக்காவிட்டால் இதைப் பிடித்து விரலுக்குப் பயிற்சி கொடுக்கட்டுமாம்.

மகள் இந்துஜாவும் போன் செய்தாள். வளைகாப்பு ஆகஸ்ட் 31 என்று முடிவாகிவிட்டது. வளையல் போட்டு முடித்ததும் அன்றைக்கே இங்கே கூட்டி வந்துவிட வேண்டும். "அப்பா, நீங்கதான் கார் ஓட்டிக்கிட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள கை சரியாயிடணும், ஆமா!" என்றாள். அவரை உசுப்பிவிடத்தான் சொன்னாள். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். போனை வைத்ததும் ரப்பர் பந்து எங்கே என்று கேட்டார்.

ஜூலை 14, திங்கள்

இந்தக் கேமைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

கார் ரேஸ்தான். ஆனால் முதலில் வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இடித்தால் பாயிண்ட். பக்கத்தில் வருகிற காரைச் சுவரில் தேய்த்தால் பாயிண்ட், பஸ்ஸைக் கவிழ்த்தால் அதிகம். நாற்சந்தியில் நடுவில் போய் நுழைந்து, லாரி, டேங்கர், டாக்சி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் திரை முழுக்க எண்கள் ஓடுகின்றன. இடிக்கிற நேரத்தில் எல்லாம் மெதுவாகிவிடுகிறது. கண்ணாடி துண்டு துண்டாக மிதக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் தனியாக உருண்டு போகிறது. அடுத்த நிமிஷம் அதே கார் ஷோரூமில் இருந்து இறக்கிய மாதிரி நிற்கிறது. எந்த வண்டிக்குள்ளும் ஆள் இல்லை. கிட்டத்தில் போய் உற்றுப் பார்த்தேன்.

கேம் ரிமோட்டில் இடது விரலுக்கு பிரேக், வலது விரலுக்கு ஆக்சிலேட்டர். இடது விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்றுதான் மாப்பிள்ளை அனுப்பினார். இந்தக் கேமில் பிரேக்குக்கு வேலையே இல்லை என்பதை அவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் சிரித்தார். பங்குனிக்கு அப்புறம் இவர் சிரித்து இன்றுதான் கேட்டேன். பிசியோ பெண்ணுக்காக இல்லை, எனக்காக எழுதி வைக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

முருங்கைக்காய் சாம்பார். கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் வகுப்புக்கு வரவில்லை, தூங்கப் பார்த்தேன், டமார் டமார் என்று ஒரே சத்தம்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று என் கையிலும் ரிமோட்டைத் திணித்தார். சோபாவில் வழக்கம்போல அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். காரில் உட்கார்ந்து உட்கார்ந்து வீட்டிலும் அந்தப் பக்கம்தான் கால் போகிறது.

முதல் வளைவிலேயே பிரேக் பிடித்தேன். எதிரே டிரக் வந்தால் ஒதுங்கினேன். சிக்னலில் நின்றேன்.

"ஏம் புள்ள, இதுல போலீசா நிக்கறான்? பிரேக்க விடு!" என்று கத்தினார்.

"கை தானாப் போகுதுங்க."

"விடுன்னா விடு. எவனும் சாக மாட்டான்."

விட்டேன். நேராகப் போய் எண்ணெய் டேங்கரில் மோதினேன். திரை ஆரஞ்சு நிறத்தில் பூத்து, கூடவே பதினைந்து வண்டி பறந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்புதான் லேசானது. மறுபடி கொடுங்கள் என்று கேட்டு வாங்கி மோதினேன். சோறு வைக்க மறந்து மோதினேன்.

நடக்கப் போவதை நடக்காமல் பண்ணுவதுதான் என் பிழைப்பு. காப்பாற்றியதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் பார்க்க எதுவும் நடப்பதில்லை. இத்தனை வருஷம் நடக்காமல் போன விபத்தெல்லாம் என் ஆடுதசையில் வலியாக இருக்கிறது. அதெல்லாம் நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பெட்டி காட்டுகிறது. யாருக்கும் அடி இல்லை, எனக்கும் பொறுப்பில்லை. பெரிய மனிதர்கள் ஏன் இதைப் போய் விளையாடுகிறார்கள் என்று இனிமேல் யாரையும் கேலி பேச மாட்டேன்.

ஜூலை 26, சனி

இடது கை தலைக்கு மேல் போகிறது. விரல் எல்லாம் மடங்குகிறது. பிசியோ பெண் கை தட்டினாள். இனி வாரம் ஒரு முறை வந்தால் போதுமாம்.

இவர் உடனே ஆரம்பித்துவிட்டார். "கை வந்துருச்சு. கண்ணாடியும் புதுசு மாத்தியாச்சு. நீயே உக்காந்து டெஸ்ட் பண்ணு. நீ பாஸுன்னு சொன்னா ஓட்டறேன், இல்லேன்னா இல்ல." ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், போன மாதம் அவரே ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சரி என்றேன். உண்மையைச் சொன்னால், ஓசூர் வரை போய்த் திரும்பும் தூரத்தில் பாதியாவது வேறு யாராவது ஓட்டினால் தேவலை என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வாழை இலையில் வரிசையாகத் தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு. புளியும் தயிரும் காலி. தேங்காய்ச் சோற்றைத் தொடவில்லை. தேங்காய்ச் சோறு என்றால் உயிரை விடுகிற மனுஷர். "புடிக்கலியா?" என்றதற்கு, "நீ வெக்கவே இல்லியே" என்றார். குனிந்து பார்த்துவிட்டு, "அட, இருக்குது" என்று எடுத்துச் சாப்பிட்டார். மாத்திரை ஞாபகத்தைக் கெடுக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சாயங்காலம் கேமில் இவர் தொடர்ந்து இடது பக்கச் சுவரில் தேய்த்துக்கொண்டே போனார். நான் வாத்தியாராகிவிட்டேன். புதிதாக ஓட்டுகிற எல்லாருக்கும் இடது பக்கம்தான் தகராறு. உட்கார்ந்திருப்பது வலது பக்கம், இடது ஓரம் எட்டத்தில் இருக்கிறது, கணக்குப் பிடிபடாது. எங்கள் கார்க் கதவைப் பார்த்தாலே தெரியும், கீறல் எல்லாம் இடது பக்கம். "பழக்கம் விட்டுப் போச்சு உங்களுக்கு. புது ஆளு மாதிரி ஓட்டறீங்க" என்றேன்.

"ஆமா, ஆமா. பழக்கந்தான்" என்று உடனே ஒத்துக்கொண்டார். இவர் எதையும் உடனே ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். தைலம் தேய்த்துவிட்டேன். புதுச் செருப்பு வழுக்குகிறதாம்.

ஆகஸ்ட் 13, புதன்

தைலம் இன்றும் அதே தோளுக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள். வகுப்பு இல்லை. துணி துவைத்துவிட்டு வந்து சோபாவில் விழுந்தேன். இவர் கேமில் புது லெவல் ஆடிக்கொண்டிருந்தார். இதில் இடித்தாலும் கார் உடனே புதிதாவதில்லை. ஆட்டம் முடிகிற வரை அடி அப்படியே நிற்கிறது.

முடிந்ததும் காரை மெதுவாகச் சுற்றிக் காட்டினார்கள். இடது விளக்கு இல்லை, இடது கதவு இல்லை, இடது பக்கம் முழுக்க நசுங்கி உள்ளே போயிருந்தது. வலது பக்கம் ஒரு கீறல் இல்லை. இன்னொரு ஆட்டம். அதே மாதிரி. இன்னொன்று. அதுவும்.

பழகுகிறவர் ஓட்டிய கார் மாதிரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. கேமில் நாம் வலது சீட்டில் உட்காரவில்லை. காருக்குப் பின்னால், நட்ட நடுவில் நின்று பார்க்கிறோம். இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே தூரம். பழக்கம் விட்டுப்போனது என்றால் இரண்டு பக்கமும் இடிக்க வேண்டும்.

பொரியலை எப்போதும் தட்டில் இடது பக்கம்தான் வைக்கிறேன். தேங்காய்ச் சோறு இலையின் இடது ஓரத்தில் இருந்தது. தைலம் தேய்த்தது இடது தோளில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் பக்கம் திரும்பாமலே, "பாத்தியா, எவ்வளவு பாயிண்ட்டுன்னு?" என்றார்.

பார்த்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒப்புக்கொண்டபடி டெஸ்ட். ஏரிக்கரை மைதானம், காலை வெயில். நான் நினைத்தது தவறாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கிளட்ச் விட்டது வெண்ணெய் மாதிரி இருந்தது. கியர் மாற்றியது தெரியவே இல்லை. இத்தனை மாதம் கண்டவர்களின் கால்களோடு மாரடித்த எனக்கு, நல்ல டிரைவர் பக்கத்தில் உட்காருவதே சுகமாக இருந்தது. அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். இந்துஜாவைப் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைக்க வேண்டும், தர்மபுரியில் நிறுத்தி இளநீர் வாங்கித் தர வேண்டும், தொப்பூர் மலை இறக்கத்தில் இரண்டாவது கியரைத் தாண்டக் கூடாது.

நான் வலது கையைத் தூக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில், இடது பக்கம், விரல்களை விரித்துப் பிடித்தேன். பேச்சு நிற்கவில்லை. கையை ஆட்டினேன். இளநீர் வழுக்கையாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றார்.

அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் அழுதேன். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அழுகிறேன், அவருக்குத் தெரியவில்லை.

இடது பக்கமிருந்து ஒரு வெள்ளாடு குறுக்கே நடந்தது. என் கால் மிதித்தது.

"ஏன் பிரேக் போட்ட?" என்றார். ஆடு பம்பரைத் தாண்டி அவர் பக்கம் போன பிறகு, "இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

இறங்கும்போது கேட்டார். "சொல்லு. பாஸா பெயிலா?"

"நல்லா ஓட்டினீங்க" என்றேன். பொய்கூட இல்லை அது. அதனால்தான் சொல்ல முடிந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லவில்லை. புது வேட்டி எடுத்து வந்திருக்கிறார். இந்துஜா போனில், "அப்பாதான் ஓட்டிக்கிட்டு வர்றாராமே! எங்க மாமியார்கிட்ட பெருமையாச் சொல்லிட்டேன்மா" என்றாள். இட்லிக்கு ஊறப்போட வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்னும் ஒரு வாரம். மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் ரிமோட்டை எடுத்தார்.

"ஒரு சுத்து இடிக்காம ஓட்டுங்களேன்" என்றேன்.

"இடிச்சாத்தானே பாயிண்ட்டு?"

"பாயிண்ட்டு வேண்டாம். எதுலயும் படாம ஒரே ஒரு சுத்து. எனக்காக."

திரையில் கார் உறுமிக்கொண்டே நின்றது. ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"கண்டுபுடிச்சிட்ட" என்றார்.

"எப்ப இருந்து?"

"ஆஸ்பத்திரியில முழிச்சப்பவே. மொதல்ல இருட்டுன்னு நெனச்சேன். இருட்டு இல்ல. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, அவ்வளவுதான்."

"கண் டாக்டரப் பாத்துட்டு வந்தேன்னீங்க?"

"கண்ணாடிக் கடைக்குப் போனேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏங்க, வயித்துல புள்ளயோட இருக்கற பொண்ண உக்கார வெச்சுக்கிட்டு அந்தத் தொப்பூர்ல எப்பிடீங்க எறங்கறதா இருந்தீங்க?"

அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "நீதான் இடது பக்கம் இருப்பியே. உன் காலு பிரேக்குல இருக்குமில்ல."

மயக்கத்தில் சொல்லவில்லை, சண்டைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். தனக்கு இல்லாமல் போன பாதி உலகத்தை என் காலடியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"எனக்குக் கால் வலிக்குதுங்க" என்றேன். கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. "ஊரு முழுக்க ஓட்டறதுக்கு நான் ஒருத்தி நிறுத்தணும். வீட்டுலயும் நானே நிறுத்தணும். என்னால முடியல. இனிமே உங்க பக்கத்துல அந்த சீட்டுல உக்கார மாட்டேன். ஓசூருக்கு நான் ஓட்டறேன்."

"டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறவன், பொண்டாட்டி ஓட்ட சவாரி வந்தான்னு சம்பந்தி வீட்டுல பேசுவாங்க."

"இடிச்சுட்டு வந்து நின்னா என்ன பேசுவாங்க?"

டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னார். "இதுல இடிச்சா ஏன் இடிச்சேன்னு யாரும் கேக்கல தெய்வானை. பாயிண்ட்டுதான் குடுத்தாங்க."

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. இருட்டறையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். காகிதத்தில் இரண்டு வட்டம் அடித்துக் கொடுத்தார்கள், இரண்டிலும் இடது பாதி கறுப்பு. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் பட்ட அடி, இனித் திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். வண்டி ஓட்டக் கூடாது. தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் ஒரு தடவை திருப்பி வைக்க வேண்டும்.

பொரியல் முழுதும் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கேம் பெட்டியைத் தொடவில்லை. என்னோடும் பேச்சில்லை. சீர்த் தட்டுக்கு வளையல், பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் வாங்கியாயிற்று. ஓசூருக்கு வருகிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்றைக்குச் சேர்த்து இன்று எழுதுகிறேன்.

விடிகாலையில் சீர்த் தட்டுகளை டிக்கியில் வைத்துவிட்டு வந்தால், இவர் புது வேட்டியோடு இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தார். நான் வலது பக்கம் ஏறினேன். ஓசூர் வரை வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது மட்டும், "முனையிலயே எறங்கி நடந்து வந்துடட்டா?" என்றார். வண்டியை நிறுத்தவில்லை. நேரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பந்தலில் நின்றிருந்த சம்பந்தி சத்தமாகச் சிரித்தார். "என்னங்க சம்பந்தி, மொதலாளியம்மா ஓட்டறாங்க, மொதலாளி சவாரியா? நீங்க ஓட்டறதாத்தானே மருமக சொல்லுச்சு?"

சுற்றி இருபது முப்பது பேர். முட்டி வலி என்பார், தூக்கக் கலக்கம் என்பார், சிரித்து மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பினால் நானும் கூடவே சிரித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியாதுங்க" என்றார். "வாதம் வந்ததுல போயிருச்சு. வெளிய சொல்லாம வெச்சிருந்தேன். இனிமே ஓட்ட மாட்டேன். அவ ஓட்டுவா."

சம்பந்தி சிரித்த வாயை மூடத் தெரியாமல் நின்றார். உள்ளே மணையில் உட்கார வைத்திருந்த இந்துஜா, வளையல் சத்தம் கேட்க எழுந்து வெளியே வந்துவிட்டாள். பாதி வளையல்தான் போட்டிருந்தார்கள், சந்தனம் கன்னத்தில் ஈரமாக இருந்தது. எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். அவள் வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றி, வலது பக்கமாகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டோம். இந்துஜா பின்சீட்டில் காலை நீட்டித் தர்மபுரி வருவதற்குள் தூங்கிப்போனாள். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் ஒரு பாரம் ஏற்றிய லாரி. முந்தாமல் அதன் பின்னாலேயே இரண்டாவது கியரில் இறங்கினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"தெய்வானை" என்றார். "என்ன புள்ள இப்பிடி எளச்சுப் போயிட்ட? கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கெடக்குது. எப்ப இருந்து?"

பங்குனியிலிருந்து என்று சொல்ல வந்தது. அதற்குள் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவும் முடியாது, வளைவு. ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

"பாக்க முடியலீங்க" என்றேன்.

"நீ ரோட்டப் பாரு" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே துடைத்துவிட்டார்.